இரண்டாவது தொடர்பு எண்

காலியாக ஒரு கட்டத்தைக் கண்டால் ஃபாரம் அக்காவுக்குக் கை துறுதுறுக்கும். இன்று நேற்று வந்த வியாதி இல்லை அது. பதினேழு வருஷம் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். பிறந்ததற்கு ஒரு ஃபாரம், இறந்ததற்கு ஒரு ஃபாரம், நடுவில் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு ஃபாரம். வந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் பாதியை எழுதி முடித்திருப்பாள். "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்பது அவள் வாயில் சதா புரளும் வாக்கியம். அதைக் கேட்டதும் எதிரில் நிற்கிறவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதிக்கு அவள் அடிமையாகிப் போயிருந்தாள்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் எந்தச் சட்டை போட வேண்டும் என்பதிலிருந்து கூடத்துச் சுவருக்கு என்ன வர்ணம் என்பது வரை அவள்தான் நிரப்புவாள். நாத்தனார் கல்லூரியில் சேரும்போது காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். கடைசித் தேதி தாண்டிவிடும் என்று இவளே விண்ணப்பத்தை எழுதி, 'விருப்பப் பாடம்' என்ற கட்டத்தில் 'கணினி' என்று போட்டு, படுக்கைக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டாள். நாத்தனார் கணினி படித்தாள், நல்ல வேலையில் இருக்கிறாள், வீட்டு மாடியறையில் உட்கார்ந்தே சம்பாதிக்கிறாள். "எனக்கு என்ன படிக்கணும்னு நீங்க கேட்கவே இல்லையே அண்ணி" என்று எப்போதாவது சிரித்துக்கொண்டே சொல்வாள். அண்ணி அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டாள்.

பிறகு அந்த அலுவலகமே கணினிக்குள் போய்விட்டது. மடக்கு மேஜையை மடக்கி வீட்டுக்கு எடுத்து வர வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் பதினேழு வருஷத்தில் அக்கா இன்னொரு வித்தையும் கற்றிருந்தாள். நாயோடு வருகிறவர்கள் அதை அவள் மேஜைக் காலில் கட்டிவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று அந்த அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்? எத்தனையோ நாய்கள் அவள் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் எட்டு அறை கட்டி நாய் விடுதி ஆரம்பித்தாள். வெளியூர் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள், வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டி வர, கொண்டுபோய் விட, புருஷன் வேன் ஓட்டினார். தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. தெருவில் இன்னமும் ஃபாரம் அக்காதான்.

முதலில் ஒப்பந்தம் காகிதத்தில்தான் இருந்தது. ஒரு நாள் ஒரு குட்டி நாய் தன்னுடைய ஒப்பந்தத்தையே மென்று விழுங்கிவிட்டது. நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இனிமே எல்லாம் மின் கையெழுத்து அண்ணி. எந்த நாயும் தின்ன முடியாது" என்று மாடியிலிருந்து இறங்கி வந்து ஏற்பாடு செய்து கொடுத்தாள். முன்பதிவு செய்கிறவர்களுக்கு மெயிலில் ஒரு லிங்க் போகும். திறந்து படித்து, கட்டங்களை நிரப்பி, விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நாத்தனார் எல்லாக் கட்டத்தையும் காலியாக வைத்திருந்தாள்.

வந்தது வினை. ஒரு நாளைக்குப் பத்து பேர் போன் பண்ணினார்கள். "அக்கா, இதுல என்ன போடணும்?" "ரெண்டுல எதை அமுக்கணும்?" கோரிக்கை எல்லாம் ஒரே மாதிரி, பதிலும் ஒரே மாதிரி. அக்கா பொறுத்துப் பார்த்தாள். ஒரு வாரம் போனதும், நாத்தனாருக்குச் சொல்லாமலே, அனுப்புவதற்கு முன் தானே எல்லாக் கட்டத்திலும் டிக் போட ஆரம்பித்தாள். சாப்பாடு எத்தனை வேளை, மற்ற நாய்களோடு விளையாட விடலாமா, அவசரமென்றால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் அவளே பதில். 'அவசரத்தில் அறுவை சிகிச்சை உட்பட எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதம்' என்ற கட்டத்துக்கும் டிக். வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? 'இரண்டாவது தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்பாவிட்டால் கையெழுத்துப் போட்டாலும் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பவே முடியாது. அதில் தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டாள். போன்கள் நின்றன. மூன்று நிமிஷத்தில் கையெழுத்து வந்தது. எல்லோரும் சௌகரியமாக இருந்தார்கள்.

இப்படி நூற்றுச் சொச்சம் ஒப்பந்தம் போன பிறகுதான் மேனேஜர் வந்தார்.

மேனேஜர் என்பது நாயின் பெயர். கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவரின் நாய். பெரிய நெஞ்சும் நீளக் காலும் கொண்ட பழுப்பு நாய், பதினோரு வயசு. கவுன்டருக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் தோரணையில் அந்தப் பெயர் வந்துவிட்டது. குட்டியாகக் கொண்டு வந்தது கடிகாரக்காரரின் மனைவி. அந்த அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மனுஷர் சாப்பிடுவதும் பேசுவதும் மேனேஜரோடுதான். இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார்.

முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாயோடு கேட்டருகே வந்து நின்றார். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. மகன் அனுப்பிய லிங்க் அவர் போனில் இருந்தது.

"எங்கம்மா தொடணும்?"

"ஒண்ணுமே இல்லைங்க. நேரா கீழ வாங்க. இங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சமெல்லாம் நான் போட்டுட்டேன்."

விரலால் போட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது என் கையெழுத்து இல்லையே" என்று அழித்தார். மறுபடி போட்டார், மறுபடி அழித்தார். ஊசி முனையளவு பற்சக்கரத்தை இடுக்கியால் எடுத்து வைக்கிற கை, கோணலைப் பொறுக்காது. மூன்றாவது தடவைதான் திருப்திப்பட்டார்.

"சரியா எட்டு மணிக்கு எழுந்து நிப்பான். கடை அடைக்கிற நேரம். 'மேனேஜர், கடையை அடைக்கலாமா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டாத்தான் கிளம்புவான்" என்று சொல்லிவிட்டு, நாயின் காதைப் பிடித்துத் தடவினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று எட்டு மணிக்கு மேனேஜர் எழுந்து நின்றது. அக்கா கேட்டாள். நாய் அவளை ஏற இறங்கப் பார்த்தது. நீ யார் அதைக் கேட்க என்கிற மாதிரி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, தானாகவே படுத்தது. அக்காவுக்குச் சிரிப்பாக வந்தது.

மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தண்ணீர் மாற்றப் போனவளுக்கு அறை வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. மேனேஜர் நடுவில் நின்று கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்தது. ஒன்றும் வரவில்லை, வாயோரம் நுரை மட்டும். படுக்கப் போனது, படுக்க முடியாமல் எழுந்தது. வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. தட்டிப் பார்த்தாள். மேளம் மாதிரி இறுகியிருந்தது. ஈறு வெளுத்திருந்தது.

"ஏங்க! வேனை எடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எட்டு அறையும் குரைத்தது.

கால்நடை மருத்துவமனை பத்து நிமிஷத் தூரம். வேனின் தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரக்காரருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இருக்காதா பின்னே, விடியற்காலை விமானம். மனுஷர் மேகத்துக்கு மேலே இருக்கிறார். 'நடுவுல ஒரு எடத்துல இறங்கி வேற பிளேன் மாறணுமாம், அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு' என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. எந்த இடம், எத்தனை மணிக்கு, அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா கைவைத்த உடனேயே முகம் மாறிவிட்டது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், படம் எடுத்தாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"வயிறு காத்து அடைச்சு முறுக்கிக்கிட்டு இருக்கு. உடனே திறந்து திருப்பி வைக்கணும். ஆனா வயசாயிடுச்சு, இதயச் சத்தமும் சரியில்லை. டேபிள்லயே போயிடலாம். இப்பவே பண்ணினா மூணுல ஒரு பங்கு பிழைக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லுவேன். நேரம் போகப் போக அதுவும் குறையும். ஆபரேஷன் வேண்டாம்னா, வலியோட விடக்கூடாது, ஊசி போட்டுத் தூங்க வெச்சுடணும். ரெண்டுல ஒண்ணைச் சொந்தக்காரர் சொல்லணும். அவர் எங்க?"

"பிளேன்ல இருக்காரு டாக்டர்."

"ஒப்பந்தம் இருக்குமே?"

அக்கா போனை நீட்டினாள். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "அறுவை சிகிச்சை உட்பட எல்லாத்துக்கும் சம்மதம். டிக் இருக்கு, கையெழுத்தும் இருக்கு. அப்பாடா, தெளிவா இருக்கு" என்றவள், நர்ஸிடம் போனைக் கொடுத்து, "உள்ள ரெடி பண்ணச் சொல்லு. இதுல ரெண்டாவது தொடர்பு எண் ஒண்ணு இருக்கு பாரு, அவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்றாள். நர்ஸ் அக்காவின் போனில் எண்ணைப் பார்த்து, கவுன்டர் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். ஏழாவது எண்ணிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தடுப்பதற்குள் பத்தும் அமுக்கியாயிற்று.

நாய்ச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று உச்சக் குரலில் வைத்திருந்த மணி. நர்ஸின் கையிலேயே, அக்காவின் போன், அலறியது.

நர்ஸ் ஒரு போனையும் மறு போனையும் மாறி மாறிப் பார்த்தாள். வரிசையில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர் கூட நிமிர்ந்தார். வேறொரு நாளாக இருந்தால் அக்காவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"இது உங்க நம்பர்" என்றாள் டாக்டரம்மா.

"அது... அது நிரப்பாட்டி அனுப்ப விடாது டாக்டர். அதனால எல்லாருக்கும் என் நம்பரையே..."

"சரி. இதை நீங்க போட்டீங்க." டாக்டரம்மாவின் பார்வை திரையில் மேலே நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "இந்த டிக்? இது அவர் போட்டதுதானே?"

உள்ளே மேஜை உருட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் நாய் உள்ளே போய்விடும். மூணுல ஒரு பங்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை. கடிகாரக்காரரே திரும்பி வந்து, 'ஐயோ, நல்ல வேளை' என்று சொல்லலாம். அக்காவின் தொண்டை வரை அந்த ஆமாம் வந்துவிட்டது. அவளுக்கு அந்த நேரத்தில் கண்முன்னால் நின்றது, தலையைச் சாய்த்துத் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர்தான். கீழே ஒரு கோடு கோணலானதற்கு மூன்று தடவை அழித்தார். மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. நேராகக் கீழே வாங்க என்று இழுத்துக்கொண்டு போனது இவள்தான்.

"இல்லை டாக்டர். அதுவும் நான் போட்டதுதான். அவர் படிக்கலை. நான் படிக்க விடலை."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப இது சம்மதம் இல்லைம்மா. தெரியாம இருந்திருந்தா வேற விஷயம். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. ஊசி குத்திக் கொஞ்சம் காத்தை இறக்கி, வலிக்கு மருந்து போடறேன். முக்கால் மணி நேரம் தாங்கினா பெரிசு. அதுக்குள்ள அவர் குரல் வேணும், இல்லை அவரே போட்ட டிக் வேணும். ரெண்டும் வரலைன்னா, வலி தாங்காத கட்டத்துல நானே ஊசி போட்டுடுவேன்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

அக்கா வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கொன்றுவிட்டேனோ என்று நினைத்தாள். பொய் சொல்லிக் காப்பாற்றாமல், உண்மையைச் சொல்லிக் கொன்றுவிட்டேனோ? புருஷன் பக்கத்தில் வந்து நின்றார். வருஷக்கணக்காக அவள் சொன்னதற்கெல்லாம் 'சரி' என்று மட்டும் சொல்லி வந்த மனுஷர்.

"சொன்னது சரிதான். அழுதுக்கிட்டு நிக்க இப்ப நேரமில்லை. தங்கச்சிக்குப் போன் போடு."

நாத்தனார் ஒரே மணியில் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டவள் ஐயையோ என்றுகூடச் சொல்லவில்லை. கீபோர்டு படபடவென்று தட்டுப்படும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் யார், எப்ப, எங்கேர்ந்து திறந்தாங்கன்னு குறிப்பு இருக்கும் அண்ணி. இருங்க. நேத்து காலையில பத்து மணிக்கு அனுப்பியிருக்கீங்க. அனுப்பும்போதே எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு. நிரப்பினவர்ங்கிற இடத்துல அனுப்பினவர்னு இருக்கு." கீபோர்டு மறுபடி தட்டுப்பட்டது. "எல்லாருக்குமே இப்படித்தானா அண்ணி?"

"எல்லாருக்கும்தான்டி. அப்புறம் திட்டு. இப்ப வழி சொல்லு."

"பத்து பதினெட்டுக்கு ஒருத்தர் திறந்திருக்காங்க. நம்ம நாடே இல்லை. சாயங்காலம் அஞ்சு நாலுக்கு மறுபடி, இது நம்ம ஊர். அஞ்சு ஏழுக்குக் கையெழுத்து."

"அவர் நேத்து காலையில கடையிலதானே இருந்தாரு?"

"அதான் அண்ணி. மெயில் அவரோடது இல்லை, பையனோடது. பையன் திறந்து பார்த்துட்டு லிங்கை அப்பாவுக்கு அனுப்பியிருக்கான். அதே மெயிலுக்குப் புதுசா ஒண்ணு அனுப்பறேன். ஒரே கேள்வி, ரெண்டு கட்டம். தலைப்புல 'மேனேஜர் உயிருக்கு ஆபத்து, உடனே திறக்கவும்'னு போடறேன், உங்க நம்பரும் போடறேன்." தட்டுகிற சத்தம் நின்றது. "ரெண்டு கட்டத்தையும் காலியாத்தான் விடப்போறேன் அண்ணி."

"விடு" என்றாள் அக்கா.

'அனுப்பப்பட்டது' என்று அக்காவின் போன் திரையில் வந்தது. பதினொன்று இருபத்திரண்டு. அக்கா அந்த ஒரு சொல்லையே வெறித்துக்கொண்டு நின்றாள். மகன் இருக்கும் ஊரில் இப்போது என்ன நேரமோ, தூங்குகிறானோ, போனைத் தொலைத்துவிட்டானோ. உள்ளேயிருந்து மேனேஜரின் முனகல் கேட்டது. நர்ஸ் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பதினொன்று முப்பத்தொன்று. அனுப்பப்பட்டது. முப்பத்து மூன்று. அனுப்பப்பட்டது. முப்பத்து நாலில் அந்தச் சொல் மாறியது.

'திறக்கப்பட்டது.'

"திறந்துட்டாங்க!" என்று அவள் கத்தியதில் பூனை கூடைக்குள் பதுங்கியது. கையெழுத்து வரவில்லை. போன் வந்தது.

தூக்கக் கலக்கமும் பதற்றமும் கலந்த குரல். மகன்தான். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள், டிக் போட்ட கதையையும் விடவில்லை.

"அந்த டிக்கை நானும் பார்த்தேன்க்கா. உங்க விதிமுறைன்னு நினைச்சுட்டேன்" என்றான். "என்னைக் கேட்டா ஆபரேஷன் பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். ஆனா நான் அந்தக் கட்டத்தைத் தொட மாட்டேன். மேனேஜர் அப்பாவோட ஆளு. அப்பா இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல இறங்குவார். இறங்கினதும் எனக்குப் பேசச் சொல்லி இருக்கேன். லிங்கை அவருக்கு அனுப்பிட்டு உங்களோட இணைச்சு விடறேன்."

"தம்பி, பதினஞ்சு நிமிஷம்னா..."

"தெரியும்க்கா" என்றான். அவன் குரலும் உடைந்துவிட்டது.

டாக்டரம்மா இரண்டாம் தடவை ஊசி குத்தினாள். "துடிப்பு எகிறுது. முன்னாடி சொன்ன மூணுல ஒண்ணு இப்ப இல்லைம்மா. நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு" என்றாள். அக்கா எஃகு மேஜையோரம் நின்று நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். அதன் கண் அவளைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொன்று ஐம்பத்தாறுக்குப் போன் வந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் புரியாத மொழி அறிவிப்பு, பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம், அதற்கு நடுவே கடிகாரக்காரரின் மெல்லிய குரல்.

"டாக்டர் இருக்காங்களா?"

இருந்தாள். அவர் அழவில்லை, கத்தவில்லை. கடையில் வந்த கடிகாரத்தை விசாரிப்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். "உள்ள எது போயிடுச்சு? சரி பண்ணினா எத்தனை நாளைக்கு ஓடும்? ஓடற வரைக்கும் வலிக்குமா?" டாக்டரம்மா ஒளிக்காமல் பதில் சொன்னாள். பிழைத்தால் பல நாள் மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டும், வலி இருக்கும், இதயம் எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றாள்.

"அம்மா, நீங்க இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேங்க."

"நேத்து அதுல என்ன போட்டிருந்தீங்க?"

"ஆபரேஷன் பண்ணலாம்னு போட்டிருந்தேங்க. உங்களைக் கேட்கலை. தப்புங்க. பெரிய தப்பு."

"நான் கீழ கையெழுத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார். "ஒரு நிமிஷம் இருங்க. கண்ணாடி போட்டுக்கறேன். இந்தத் தடவை படிச்சுட்டுப் போடறேன்."

அந்த ஒரு நிமிஷம் அக்காவின் ஆயுசில் பாதியைத் தின்றது. சம்மதம்னு போடுங்க, ஓடிப்போய் உள்ளே கொண்டு போறோம், ஒரு வாய்ப்பு இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்ததை எல்லாம் கடித்து விழுங்கினாள். கை துறுதுறுத்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். திரையில் 'திறக்கப்பட்டது' என்பது 'நிறைவுற்றது' ஆனது.

டாக்டரம்மாவும் அவளும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். முதல் கட்டம் காலி. டிக் இரண்டாவதில் இருந்தது. 'அறுவை சிகிச்சை வேண்டாம். வலியில்லாமல் அனுப்பிவைக்கவும்.' கீழே கையெழுத்து. நேற்று மூன்று தடவை அழித்துத் திருத்தியவர், இன்றைக்கு ஒரே தடவைதான் போட்டிருந்தார். கடைசிக் கோடு கோணிக்கொண்டு கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"என் வீட்டுக்காரி கடைசி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில பட்டதைப் பார்த்தவன்மா நான்" என்றது குரல். "அன்னிக்கும் ஒரு தாளை நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. இவனுக்கு அது வேண்டாம். போனை அவன் காதுகிட்ட வெக்கறீங்களா?"

அக்கா வைத்தாள். டாக்டரம்மா மருந்தை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் நின்றாள்.

"மேனேஜர்" என்றார். நாயின் காது நிமிர்ந்தது. "மேனேஜர், நேரமாயிடுச்சுடா. கடையை அடைக்கலாமா?"

மேனேஜர் எழப் பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றித் தலையைத் தூக்கியது, அவ்வளவுதான் முடிந்தது. வால் எஃகு மேஜையில் இரண்டு தடவை தட்டியது. பிறகு தலையை அக்காவின் கையில் இறக்கிக்கொண்டது. டாக்டரம்மா ஊசியை மெதுவாக அழுத்தினாள். போனுக்குள் அறிவிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

முதலிலேயே பொய் சொல்லியிருந்தால் நாய் பிழைத்திருக்குமா? அக்காவுக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பிழைத்தாலும் இறந்தாலும் அவர் வேண்டாம் என்று சொன்ன கத்தி பட்டிருக்கும், அது மட்டும் நிச்சயம். இதை நினைத்து அவள் ஆறுதல் அடைந்தாள் என்று சொல்ல மாட்டேன். வேனில் வரும் வழியெல்லாம் கழுத்துப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டே வந்தாள். புருஷன் இரண்டு தெரு சுற்றிப் போய் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

சாயங்காலம் மாடியேறிப் போய் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருமாக எல்லா டிக்கையும் எடுத்தார்கள். கையெழுத்தாகியிருந்த பழைய ஒப்பந்தக்காரர்களுக்கெல்லாம், கட்டங்களை நிரப்பியது நான், நீங்கள் இல்லை, மன்னிக்கவும், மறுபடி அனுப்புகிறேன் என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு நாலு பேர் முன்பதிவை ரத்து செய்தார்கள்.

"உனக்கு என்னடி படிக்கணும்னு இருந்துச்சு?" என்றாள் அக்கா திடீரென்று.

நாத்தனார் திரும்பவில்லை. "செடி கொடி பத்திப் படிக்கணும்னு இருந்தேன்" என்றாள். சிரிக்கவில்லை. இருவரும் அடுத்த ஒப்பந்தத்தைத் திறந்தார்கள்.

மறுநாள் காலை முதல் போன் வந்தது. தையல் கடை வைத்திருக்கும் அம்மா, அடுத்த வாரம் நாயை விடப் போகிறவர்.

"அக்கா, என்னக்கா இது, எல்லாம் காலியா இருக்கு? இந்த அவசரம்னு போட்டிருக்கிற கட்டத்துல எதை அமுக்கணும்? நீங்களே போட்டு அனுப்பிடுங்களேன்."

"மாட்டேன்மா. படிச்சுப் பாருங்க. உங்க நாய், நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"தெரியாட்டி யோசிங்க. வீட்டுல கேளுங்க. அவசரமில்லை, நான் லைன்லயே இருக்கேன்."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினாள். பிறகு எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். அறுவை சிகிச்சை என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், காத்துக்கொண்டிருந்தாள்.